இணையப் போரும் வன்னி தரும் படிப்பினையும்

ஒரு நாட்டின் கணினி வசதிகள் மீது ஆயுதக் குழுவொன்றின் பெயரில் தொடுக்கப்பட்ட முதலாவது தாக்குதல் என உலக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கும் சம்பவம் எமது நாட்டின் யுத்தத்தோடு தொடர்புடையது என்பதை எம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. 1997 ஓகஸ்ட் மாதத்தில், 'இணையக் கரும்புலிகள்' எனத் தம்மை அழைத்துக் கொண்ட குழுவினர், வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களை மின்னஞ்சல்களால் நிறைத்து அவற்றின் பணிகளைக் குழப்பியதாக உரிமை கோரினர். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் அவ்வாண்டுக்குரிய தனது அறிக்கையில் இதனைக் குறிப்பிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் வீதம் இரண்டு வாரங்கள் வரை இத்தாக்குதல் நீடித்ததாகப் பின்னர் வெளிவந்த ஆய்வுகள் கூறுகின்றன. இணையப் போர் பற்றிய நூல்கள் பலவற்றில் இலங்கையின் பெயர் இடம்பெறுவதற்கு இச்சம்பவமே காரணமாகும்.

அதே ஓகஸ்ட் மாதத்தில் வன்னியில் நிகழ்ந்து கொண்டிருந்தது என்ன? 1997 மே 13ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்ட 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கை வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கி ஏ-9 வீதி வழியே நகர்ந்து, புளியங்குளத்தில் கடும் சமர் நடந்து கொண்டிருந்தது. கிளிநொச்சி நகரம் முந்திய ஆண்டிலேயே படையினர் வசமாகியிருந்தது. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் மின்கலங்களும் வன்னிக்கு எடுத்துச் செல்லத் தடை செய்யப்பட்டிருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் அவர்கள். மின்னஞ்சல் என்ற சொல்லையே அறிந்திராதவர்கள் அவர்களுள் பெரும்பான்மையினராக இருந்தனர்.

தூதரகங்களின் அஞ்சற் பெட்டிகள் நிரம்பியதால் வன்னியின் போர்முனையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. ஒரு குடும்பமேனும் அதனால் பாதுகாக்கப்படவில்லை. உலகின் முதல் இணையத் தாக்குதல்களில் ஒன்று எனப் பேசப்படும் நிகழ்வுக்கும் அந்த யுத்தத்தின் சுமையைச் சுமந்த மக்களுக்கும் இடையிலிருந்த இத்தூரத்தை நாம் மனதில் இருத்திக் கொள்ள வேண்டும். இணையப் போர் குறித்துப் பேசும்போது வல்லரசுகளின் இரகசிய ஆற்றல்களே பெரிதாகத் தெரிகின்றன. ஆனால், அப்போரின் மிகக் கொடிய ஆயுதம் தொடர்பைத் துண்டிப்பதே என்பதை வன்னி மக்கள் தமது உயிர்களைக் கொடுத்து அறிந்தனர்.

இணையப் போர் என்பது யாது?

ஒரு தரப்பு, கணினிகளையும் அவற்றை இணைக்கும் வலையமைப்புகளையும் பயன்படுத்தி, மறுதரப்பின் சேவைகளை முடக்குவது, தரவுகளைத் திருடுவது அல்லது அழிப்பது, இயந்திரங்களைச் சேதப்படுத்துவது, மக்களின் எண்ணத்தைத் திரிப்பது ஆகிய அனைத்தும் இப்பெயரால் பொதுவாக அழைக்கப்படுகின்றன. இவற்றை நான்கு வகைகளாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, வெள்ளமாக நிறைத்து முடக்குதல். தாங்க முடியாத அளவு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி ஒரு சேவையைச் செயலிழக்கச் செய்வதே இம்முறையாகும். 1997இல் தூதரகங்களுக்கு நேர்ந்தது இதன் ஆரம்ப வடிவம். 2007 ஏப்ரல் இறுதியில், சோவியத் காலத்துப் போர்வீரர் சிலையொன்றை இடம் மாற்றிய சர்ச்சையைத் தொடர்ந்து எஸ்தோனியாவின் அரசாங்க, வங்கி, பத்திரிகை இணையத்தளங்கள் வாரக்கணக்கில் இவ்வாறே தாக்கப்பட்டன. 2008 ஓகஸ்ட் மாதத்தில் ரஷ்யா ஜோர்ஜியாவுடன் யுத்தத்தில் ஈடுபட்டபோது, தரைப்படையின் நகர்வுடன் இணையத் தாக்குதலும் ஒரே காலத்தில் நிகழ்ந்தது.

இரண்டாவது, ஊடுருவி அழித்தல். ஈரானின் நட்டான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தின் சுழலிகளைப் பழுதாக்கிய 'ஸ்டக்ஸ்நெட்' என்ற நச்சு நிரல் 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் இணைந்து அதனை உருவாக்கின எனப் பரவலாக நம்பப்படுகிறது. 2012 ஓகஸ்ட் மாதத்தில் சவூதி அரம்கோ எண்ணெய் நிறுவனத்தின் சுமார் 30,000 கணினிகளின் தரவுகள் அழிக்கப்பட்டன. 2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரேனின் மின்விநியோக நிறுவனங்கள் ஊடுருவப்பட்டு, சுமார் 225,000 பாவனையாளர்கள் கடுங்குளிரில் பல மணிநேரம் மின்சாரமின்றித் தவித்தனர். எமக்கு அண்மையில், தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பிலுள்ள கணினியொன்றில் நச்சு நிரல் காணப்பட்டதை இந்திய அணுமின் கழகம் 2019 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒப்புக் கொண்டது. உலையைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பு அதனுடன் இணைக்கப்படாதது என்றும் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கமளித்தது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் வாழும் எமக்கும் அது அக்கறைக்குரிய செய்தியே.

மூன்றாவது, தொடர்பைத் துண்டித்தல். 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னர், வயாசட் நிறுவனத்தின் செய்மதி இணைய வலையமைப்பு தாக்கப்பட்டுப் பல்லாயிரக்கணக்கான இணைப்புக் கருவிகள் செயலிழந்தன. அதன் விளைவாக, யுத்தத்தில் சம்பந்தப்படாத ஜேர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமற் போனது. இதே நோக்கத்தை நச்சு நிரல் எதுவுமின்றி ஓர் அரசு தனது கட்டளையொன்றினாலேயே நிறைவேற்றிக் கொள்ளவும் முடியும். 2019 ஓகஸ்ட் 5ஆம் திகதி காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. அதிவேகக் கையடக்கத் தொலைபேசி இணையம் அங்கு முழுமையாக மீண்டது 2021 பெப்ரவரியிலேயே. 2023 ஒக்டோபர் 27ஆம் திகதி இரவு காஸாவின் தொடர்புகள் ஏறத்தாழ முற்றாக அறுந்தபோது, காயமடைந்தோர் அம்புலன்ஸ் வண்டியை அழைக்கவும் வழியற்றிருந்தனர்.

நான்காவது, பொய்ச் செய்தியையும் வெறுப்பையும் பரப்புதல். இதனைப் போரின் வகையாக ஏற்காதோரும் உளர். எனினும், இதனால் எரியும் வீடுகளும் பறிபோகும் உயிர்களும் உண்மையானவை என்பதால் நாம் இதனையும் சேர்த்தே நோக்குகிறோம்.

வன்னியில் சூழ்ந்த இருள்

2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் தலைவர் நடத்திய செய்தியாளர் மாநாட்டுக்கு நூற்றுக்கணக்கான ஊடகவியலாளர்கள் வந்து சேர்ந்தனர். வன்னியை உலகம் நேரடியாகக் கண்ட காலம் அது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் மோதல்கள் மூண்டதுடன் அப்பாதை மீண்டும் மூடப்பட்டது.

அதன் பின்னர் யுத்தம் செய்தித் தொடர்புகளின் மீதும் திரும்பியது. இன்டெல்சட் நிறுவனத்தின் செய்மதியொன்றை அனுமதியின்றிப் பயன்படுத்திப் புலிகளின் தொலைக்காட்சி ஒளிபரப்பப்படுவதாக 2007 ஏப்ரலில் குற்றச்சாட்டு எழுந்தது. புலிகள் தரப்பு இதனை மறுத்தபோதிலும், அந்த ஒளிபரப்பை நிறுத்துவதற்கு நிறுவனம் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில் 'தமிழ்நெற்' இணையத்தளம் இலங்கைக்குள் தடை செய்யப்பட்டது. 2015ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தின் பின்னரே அதனை மீண்டும் பார்வையிட முடிந்தது. அத்தளத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டிருந்தார். 2007 நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியில் 'புலிகளின் குரல்' வானொலி நிலையத்தின் மீது விமானப்படை குண்டு வீசியதில் அதன் பணியாளர்களும் பொதுமக்களும் கொல்லப்பட்டனர். யுனெஸ்கோவின் அன்றைய பணிப்பாளர் நாயகம் கொய்ச்சிரோ மட்சுரா அத்தாக்குதலைக் கண்டித்தார்.

2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் அளிக்க முடியாது என அரசாங்கம் அறிவித்ததையடுத்து, ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் சர்வதேசப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். தம்மைத் தனியே விட்டுச் செல்ல வேண்டாம் என மக்கள் அவர்களது அலுவலக வாசலில் நின்று மன்றாடினர். சுயாதீன ஊடகவியலாளர்கள் போர்ப் பிரதேசத்துக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. மக்கள் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் எனப் பின்வாங்கி இறுதியில் முள்ளிவாய்க்காலை அடைந்தனர். வெளியேற முயன்ற பொதுமக்களைப் புலிகள் தடுத்தும் சுட்டும் தம்முடன் வைத்திருந்தனர் என்பதையும், பாதுகாப்பு வலயங்களுக்குள் படையினர் எறிகணைத் தாக்குதல் நடத்தினர் என்பதையும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியான அறிக்கையில் பதிவு செய்தது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையின் அமைவிட ஆள்கூறுகள் படையினருக்கு நன்கு தெரிந்திருந்தும் அது தொடர்ந்து தாக்குதலுக்கு உள்ளானது என்பதும் அக்குழுவின் கூற்றாகும். ஓர் இடத்தைக் காப்பதற்காக வழங்கப்படும் செய்மதி ஆள்கூறு, வழங்கியவரின் கையை விட்டு நீங்கிய பின்னர் எவ்வாறு பயன்படும் என்பதைப் பெறுபவரின் மனச்சாட்சியே தீர்மானிக்கிறது.

அந்த இருளுக்குள்ளிருந்து வெளியே வந்த தகவல்கள் மிகச் சிலவே. எஞ்சியிருந்த உள்ளூர்ப் பணியாளர்களும் மதகுருமாரும் வைத்தியர்களும் தொலைபேசி மூலம் வழங்கிய தகவல்களைத் திரட்டியே ஐ.நா. அதிகாரிகள் கணக்கெடுத்தனர். 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டும் 18,479 பேர் காயமடைந்தும் இருந்ததாக அக்கணக்கு காட்டியது. அக்காலத்தில் அது பகிரங்கப்படுத்தப்படவில்லை. உயிரிழந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை எனப் பின்னர் நிபுணர் குழு கூறியது. அரசாங்கம் அதனை நிராகரித்தது. தொலைபேசியில் உலக ஊடகங்களுடன் பேசிய வைத்தியர்கள் யுத்தம் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டு, 2009 யூலையில் கொழும்புச் செய்தியாளர் மாநாட்டில் தமது முந்திய கூற்றுகளை மறுக்க நேர்ந்தது. ஓர் எண்ணிக்கைக்கும் மற்றதற்கும் இடையிலுள்ள இப்பாரிய இடைவெளியே தொடர்புத் துண்டிப்பின் நிரந்தரச் சின்னமாகும். தம் பிள்ளை அந்த எண்ணிக்கையில் அடங்குகிறதா இல்லையா என்பதை அறியாத தாய்மார் இன்றும் இருக்கின்றனர்.

இந்த இறுதி நாட்களிலும் 'இணையப் போர்' நடந்ததென்பது குறிப்பிடத்தக்கது. 2009 மே மாத ஆரம்பத்தில் இலங்கை இராணுவத்தின் இணையத்தளம் ஊடுருவப்பட்டுக் கோரமான படங்கள் பதிவேற்றப்பட்டன. தளம் விரைவிலேயே சீர் செய்யப்பட்டது. முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிகளுக்குள் இருந்தோருக்கு அதனால் விளைந்த பயன் எதுவுமில்லை. மாறாக, அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் வர்த்தகச் செய்மதிப் படங்களை ஆராய்ந்து, மே மாத முற்பகுதியில் அப்பகுதியில் ஏற்பட்ட குழிகளையும் அகற்றப்பட்ட கூடாரங்களையும் பதிவு செய்தது. கைத்தொலைபேசிகளில் எடுக்கப்பட்ட சில காட்சிகளும் பின்னர் வெளிவந்தன. எஞ்சிய சாட்சியம் இவ்வாறான டிஜிட்டல் தடயங்களிலேயே தங்கியிருக்கிறது.

1990இன் மௌனமும் 2018இன் இரைச்சலும்

தொடர்பற்ற நிலையில் ஒரு சமூகம் தண்டிக்கப்படுவது வன்னிக்கு 2009இல் புதிதாக நேர்ந்ததன்று. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, கிளிநொச்சி மாவட்டத்தின் நாச்சிக்குடா உள்ளிட்ட ஊர்களிலிருந்தும், யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா பகுதிகளிலிருந்தும் வடபுல முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யுத்தம் மீண்டும் மூண்டு வடக்கின் தொடர்புகள் அறுந்திருந்த காலம் அது. ஒலிபெருக்கியில் வந்த கட்டளைக்கு மறுப்புச் சொல்லவோ, வெளியுலகை அழைக்கவோ அம்மக்களுக்கு வழியிருக்கவில்லை. அவர்கள் புத்தளத்தை அடைந்த பின்னரே நாடு அச்செய்தியின் முழுப் பரிமாணத்தை அறிந்தது. தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே மண்ணில் ஒரே வகையான மௌனத்துக்குள் தள்ளப்பட்டனர் என்பதை இரு சமூகத்தவரும் ஒருவருக்கொருவர் ஏற்றுக் கொள்வது அவசியமாகும்.

யுத்தம் முடிந்து இணையம் பரவிய பின்னர் ஆயுதம் வடிவம் மாறியது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்பட்டதாக வதந்தி கிளப்பப்பட்டு, அது காணொளியாகப் பரவியது. உணவில் காணப்பட்டது வெறும் மாவுக்கட்டி என அரச பகுப்பாய்வாளர் அறிவித்தபோது கடைகளும் பள்ளிவாசலும் ஏற்கெனவே தாக்கப்பட்டிருந்தன. அடுத்த வாரம் திகன உள்ளிட்ட கண்டிப் பிரதேசங்கள் எரிந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. அந்த வன்முறையில் தனது தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. 2019 மே மாதத்திலும் சிலாபத்தில் முஸ்லிம் ஒருவரின் முகநூல் குறிப்பு தவறாகப் பொருள் கொள்ளப்பட்டு வன்முறை மூண்டது. மீண்டும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன.

இத்தகைய முடக்கங்கள் வதந்தியைத் தடுக்கும் மருந்து என அன்று கூறப்பட்டது. ஆனால், வன்முறைக் கும்பல் ஏற்கெனவே வீதிக்கு வந்துவிட்ட நிலையில், தம் உறவினர் எங்கே இருக்கின்றனர் எனத் தேடியோரையும் உதவி கோரியோரையுமே முடக்கம் பெரிதும் பாதித்தது. சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் குறித்து முன்னரே முறையிட்ட சிவில் அமைப்புகளுக்கு உரிய காலத்தில் பதில் கிடைத்திருக்குமாயின் பல வீடுகள் தப்பியிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

சட்டங்கள் எங்கே நிற்கின்றன?

சர்வதேச மனிதாபிமானச் சட்டம் இணையத் தாக்குதல்களுக்கும் பொருந்தும் என்பது சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் நிலைப்பாடாகும். எஸ்தோனியாவின் தலைநகரின் பெயரால் அழைக்கப்படும் 'தாலின் கையேடு' 2013இல் வெளியாகி, யுத்த விதிகளை இணையவெளிக்குப் பொருத்திக் காட்டியது. எனினும் அது நிபுணர்களின் கருத்துத் தொகுப்பேயன்றி நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று. இணையத்தை வேண்டுமென்றே துண்டிப்பதை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2016 யூலையில் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதனையும் மீறித் துண்டிப்புகள் தொடர்கின்றன.

எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. புடாபெஸ்ட் இணையக் குற்ற சமவாயத்தில் 2015இல் இணைந்ததன் மூலம், அதில் இணைந்த முதலாவது தென்னாசிய நாடாக இலங்கை விளங்கியது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. பேச்சுச் சுதந்திரத்தை நசுக்க அது பயன்படும் என ஊடக அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் அதனைக் கடுமையாக எதிர்த்தன. இச்சட்டங்கள் அனைத்தும் குடிமகனின் குற்றத்தையே நோக்குகின்றன. அரசே தொடர்பைத் துண்டிக்கும்போது குடிமகனைக் காக்கும் ஏற்பாடு அவற்றுள் இல்லை.

தனது தரவுகளைப் பாதுகாப்பதிலும் அரசு வலுவாக இல்லை. 2023 ஓகஸ்ட் மாதத்தில் கப்பம் கோரும் நச்சு நிரலொன்று இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பைத் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்குரிய மேலதிகப் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. மூன்று மாத அரச கடிதங்களைக் காக்க இயலாத ஒரு நிர்வாகத்திடம், காணாமல் ஆக்கப்பட்டோரின் கோவைகள் எத்தனை ஆண்டுகள் பத்திரமாக இருக்கும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

நாம் வலியுறுத்துவது

தொலைபேசியும் இணையமும் யுத்த காலத்தில் வைத்தியசாலைக்கும் குடிநீருக்கும் ஒப்பான பொதுமக்கள் தேவையாகக் கருதப்பட வேண்டும். படைத்தரப்பின் தொடர்புகளைக் குறிவைப்பது வேறு. ஒரு பிரதேசத்தின் மக்கள் அனைவரையும் பேச்சற்றவர்களாக்குவது வேறு. பின்னையதைத் தடை செய்யும் தெளிவான சர்வதேச விதி உருவாக வேண்டும். அவ்விதிக்காகக் குரல் கொடுக்கும் தகுதி இலங்கைக்கு உண்டெனில், அது முதலில் தன் சட்டத்தில் அதனை எழுதிக் கொள்ள வேண்டும். நீதிமன்றத்தின் முன் அனுமதியும் காலவரையறையும் இன்றி எந்தத் தொடர்புச் சேவையும் முடக்கப்படலாகாது.

இரண்டாவதாக, சாட்சியங்கள் காக்கப்பட வேண்டும். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021 மார்ச் மாதத் தீர்மானம் இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பேணும் பொறிமுறையொன்றை ஏற்படுத்தியது. இதற்கு வெளியேயும் குடும்பங்களின் கைகளில் பழைய கைத்தொலைபேசிகளும் இறுவட்டுகளும் நினைவட்டைகளும் இருக்கின்றன. அவை காலப்போக்கில் தாமாகவே பழுதடைபவை. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் மத நிறுவனங்களும் முன்வந்து, உரியவர்களின் சம்மதத்துடன் அவற்றைப் பிரதி செய்து பாதுகாப்பது உடனடித் தேவையாகும். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் காணி உறுதிகள், பள்ளிவாசல் பதிவேடுகள், வாய்மொழிச் சாட்சியங்கள் என்பனவும் இதே கவனத்துடன் பேணப்பட வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ் பேசும் சமூகங்களிடையே வதந்தி பரவும்போது அதனை உடனுக்குடன் சரிபார்த்து மறுக்கும் பொறுப்பு ஊடகங்களாகிய எம்முடையது. பகிர்வதற்கு முன் ஒரு கணம் நிதானிப்பது வாசகர்களின் பொறுப்பாகும்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அவர்கள் கைகளில் ஏந்தியிருந்தவை அடையாள அட்டைப் படங்களும் பாடசாலைப் படங்களும் ஆகும். அவர்களுள் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டனர். நாளைய யுத்தங்களில் எந்த நாட்டின் கணினி எந்த நாட்டின் கணினியை வெல்லும் என்ற விவாதம் வல்லரசுகளின் தலைநகரங்களில் நடைபெறட்டும். இன்னொரு வன்னி இன்னொரு முறை இருளில் மூழ்கடிக்கப்படாதிருப்பதற்கான வழியைத் தேடுவதே எமது கடமையாகும்.